எஸ்டேட் : நிலையும் நிலமும்

கெடா மாநிலத்தில் சுங்கைப்பட்டாணியையும் பீடோங்கையும் அடுத்துள்ள சுங்கை லாலாங் வட்டாரத் தமிழர்க்கு 'எஸ்டேட்' என்பது அயற்சொல்லாகத் தோன்றுவதில்லை. 'எந்த எஸ்டேட்?' என்று ஒருவரைக் கேட்டால் அவருடைய ஊரைக் கேட்டதாகவே நெடுங்காலம் பொருள்பட்டது. அச்சொல்லுக்குப் பொருள் எழுதுமாறு பள்ளி மாணவனைப் பணித்தால் அவன் தயங்காமல் 'தோட்டம்' என்று எழுதுவான். ஆசிரியரும் சரியென்று குறியிட்டு அடுத்த சொல்லுக்குச் செல்வார்.

அவ்விடை தவறன்று; ஆயினும் முழுமையும் அன்று. ஆங்கிலத்தில் எஸ்டேட் என்பது பலபொருள் குறித்த ஒருசொல். ஒருவனது வாழ்க்கை நிலை, சமுதாயத்தில் அவனுக்குள்ள படி, நிலத்தில் அவனுக்குள்ள உரிமை, அந்நிலமே, அவன் இறந்தபின் விட்டுச் சென்ற உடைமை, பலர் குடியிருக்க வகுத்த மனைத்தொகுதி ஆகிய அனைத்தையும் அவ்வொரு சொல்லே குறிக்கும். இவற்றுள் ஒன்றை மட்டும் நாம் எடுத்துக்கொண்டு எஞ்சியவற்றை விட்டுவிட்டோம். அவ்வாறு விட்டதனால் நேர்ந்த குறை அகராதிக் குறை மட்டுமன்று என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லின் பிறப்பு

இலத்தீன் மொழியில் 'ஸ்தாரே' என்பது 'நிற்றல்' எனப் பொருள்படும் வினை. அதனடியாகப் பிறந்த பெயர் 'ஸ்தாத்துஸ்'. நிற்கும் முறை, நிலை, நிலைமை என்பன அதன் பொருள். அப்பெயர் பழைய பிரெஞ்சு மொழியில் 'எஸ்தாத்' என்றாயிற்று. நார்மானியர் 1066ஆம் ஆண்டில் இங்கிலாந்தை வென்றபின், அந்நாட்டு அரசவையிலும் வழக்குமன்றத்திலும் பிரெஞ்சே ஆட்சி செய்தது. அவ்வழியே ஆங்கிலத்திற் புகுந்த சொல்லே எஸ்டேட். அரசையும் மாநிலத்தையும் குறிக்கும் 'ஸ்டேட்' என்பதும் இதன் உடன்பிறப்பே. ஒரு மூலத்தினின்று பிறந்த இரண்டு சொற்களும் காலப்போக்கில் வேறு வேறு பொருளை ஏற்றுப் பிரிந்தன.

இலத்தீனில் இல்லாத எகரம் பிரெஞ்சில் முன்னே வந்தது எவ்வாறு என்று கேட்கலாம். தமிழாசிரியர்க்கு இது வியப்பளிக்க வேண்டியதில்லை. சகர ஒலியும் வல்லின மெய்யும் மொழி முதலில் இணைந்து நிற்பது அக்கால மக்களின் நாவுக்கு அரிதாயிற்று. ஆகவே ஓர் உயிரை முன்னே இட்டு ஒலித்தனர். பள்ளியைக் குறித்த 'ஸ்கோலா' பிரெஞ்சில் 'எஸ்கோல்' என்றானதும் இம்முறையே. நம் பாட்டிமார் 'இஸ்கூல்' என்றதும், 'இஸ்டேசன்' என்றதும் இதனோடு ஒப்பிடத் தக்கவை. இராமன், உலோகம், அரங்கம் என்றாற்போல மொழிமுதல் ஆகாத எழுத்தின் முன் உயிர் சேர்த்து வழங்கும் நம் இலக்கண மரபும் இவ்வியல்பை ஒட்டியதே. எழுத்தறியாதார் ஒலிப்பு என்று நாம் நகையாடும் முறையே பிரெஞ்சு மொழியில் செந்நெறியாயிற்று என்பதை மாணவர்க்குச் சொல்லுதல் நன்று.

நில் என்னும் அடி

இனித் தமிழை நோக்குவோம். 'நில்' என்னும் அடியினின்று நிலம், நிலை, நிலையம், நிலுவை முதலிய சொற்கள் கிளைத்தன. அதன் பிறவினையாகிய நிறுத்து, நிறுவு என்பவற்றின் வழியே நிறுவனம் வந்தது. கால் நிற்பதற்கு இடமாவது நிலம். நிற்கும் தன்மை நிலை. கொடுபடாது நிற்பது நிலுவை. ஆங்கிலத்திலும் 'ஸ்டேஷன்' என்பது நிற்றற் பொருளடியாகப் பிறந்ததே; நாம் அதனை நிலையம் என்கிறோம். 'இன்ஸ்டிட்யூட்' என்பதும் அவ்வடியினதே. நாம் அதனை நிறுவனம் என்கிறோம். சூழ்நிலை என்பதற்கு நேரான ஆங்கிலச் சொல்லைப் பகுத்துப் பார்த்தால் 'சுற்றி நிற்பது' என்றே பொருள்படும். இரு மொழியாரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே வழியிற் சிந்தித்திருக்கின்றனர்.

இவ்வொற்றுமையைக் கண்டவுடன், நில்லே ஸ்தாரே ஆயிற்று என்றும், தமிழே இலத்தீனுக்குத் தாய் என்றும் எழுதத் துணிவார் உளர். அத்துணிவு சொல்லாராய்ச்சிக்கு உதவாது. இலத்தீன் ஸ்தாரேயும் வடமொழி 'ஸ்தா'வும் ஒரு குடும்பத்தின் இரு கிளைகள். தானம், தாபனம் என நாம் வழங்கும் வடசொற்கள் அவ்வழியின. நில் என்பது வேறு குடும்பத்தது. ஒலியும் பொருளும் முறையாகத் தொடர்ந்து பொருந்தினாலன்றி உறவு கூறலாகாது. சொற்பொருளின் காரணம் வெளிப்படையாகத் தோன்றாது என்று தொல்காப்பியர் உரியியலில் எச்சரித்திருப்பதை நாம் மறத்தல் கூடாது. உறவு இல்லாமலே கருத்து ஒத்திருப்பதுதான் இங்குப் போற்றத்தக்க செய்தி. பிறர் சொல்லைத் தமிழ்ப்படுத்துவோர்க்கு அது பெருந்துணையாகும். 'நிலை' என்பதும் 'நிலம்' என்பதும் ஒரே அடியினின்று பிறந்த மொழியில் எஸ்டேட் என்பதன் இரு பெரும் பொருள்களையும் விளக்குதல் எளிதன்றோ?

படியும் தூணும்

எஸ்டேட் முதலில் நிலையையே குறித்தது. திருமணத்தைப் புனித எஸ்டேட் என்பது ஆங்கிலத் திருச்சபை வழக்கு. இல்லற நிலை என்று நாம் சொல்வது அதற்கு முற்றும் நிகர். அடுத்து, நாட்டு மக்கள் எந்தெந்தப் படியில் நிற்கின்றனர் என்பதைக் குறித்தது. குருமார், பிரபுக்கள், பொதுமக்கள் என மூன்று எஸ்டேட்டுகள் எண்ணப்பட்டன. 1789 மே மாதத்தில் பிரான்சில் கூடிய பேரவை இம்மூன்று படியினரின் அவையே. மூன்றாம் படியினர் தம்மை நாட்டு மன்றம் என்று அறிவித்தது அங்குப் பெரும்புரட்சிக்குத் தோற்றுவாயாயிற்று.

இவ்வெண்ணிக்கையை ஒட்டியே செய்தித்தாளை நான்காவது எஸ்டேட் என்றனர். அத்தொடரைப் பர்க் கூறினார் என்று கார்லைல் 1840இல் நிகழ்த்தி 1841இல் நூலாக வெளியிட்ட சொற்பொழிவில் குறிப்பிட்டார். தமிழ் ஏடுகள் இதனை நான்காவது தூண் என்கின்றன. தூண் என்று வந்தவுடன் மூன்று படியினர் மறைந்து சட்டமன்றம், ஆட்சித்துறை, நீதித்துறை என்னும் மூன்று உறுப்புகள் அவ்விடத்தில் வந்து நிற்கின்றன. அஃதாவது, குருமாரோடும் பிரபுக்களோடும் எண்ணப்பட்ட செய்தித்தாள், அரசின் கட்டடத்தைத் தாங்கும் உறுப்பாக மாறிவிடுகிறது. தூண் என்பது மொழிபெயர்ப்பன்று, புதிய உருவகம். அழகிய உருவகமே, அதனை விலக்க வேண்டியதில்லை. ஆயினும் படியாக நின்று அரசை எதிர்நோக்கியது தூணாக நின்று அரசைத் தாங்குவதாகப் பொருள் திரிந்ததை ஆசிரியர் அறிந்திருத்தல் வேண்டும். தூணுக்குக் கடமை தாங்குவது. படியினர்க்கோ மறுத்துப் பேசும் உரிமையும் உண்டு.

நிலத்தில் நிற்றல்

நிலையைக் குறித்த சொல் நிலத்தைக் குறிக்கலானது சட்டத்தின் வழியாகும். நார்மானியர் கொண்டுவந்த முறைப்படி இங்கிலாந்தின் நிலமெல்லாம் இறுதியில் மன்னனுக்கே உரியது. மற்றவர் நிலத்தை உடையவர் அல்லர். நிலத்தில் ஓர் எஸ்டேட்டை, அஃதாவது ஒரு நிலைப்பாட்டை உடையவர். வழிவழி செல்லும் உரிமை ஒருவகை எஸ்டேட். உயிருள்ளவரை மட்டும் நிற்கும் உரிமை மற்றொரு வகை. ஒரே நிலத்தில் தாய்க்கு ஆயுட்கால எஸ்டேட்டும், அவளுக்குப்பின் மகனுக்கு முழு எஸ்டேட்டும் ஒருங்கே இருத்தல் கூடும். எனவே எஸ்டேட் என்பது மண்ணன்று. மண்ணோடு மனிதனுக்குள்ள தொடர்பு. பின்னரே உலக வழக்கில் அத்தொடர்பின் பெயர் மண்ணுக்கு ஆயிற்று. தமிழிலக்கணத்தார் இதனை ஆகுபெயர் என்பர்.

'ரியல் எஸ்டேட்' என்னும் தொடரையும் இங்கே ஆராயலாம். தமிழ்நாட்டில் இன்று பட்டிதொட்டியெங்கும் இத்தொடர் வழங்குகிறது. 'ரியல்' என்பதற்கு உண்மை என்று பொருள் கொண்டு, மெய்யான சொத்து என விளக்குவார் பலர். அது பொருந்தாது. இலத்தீனில் 'ரேஸ்' என்றால் பொருள், பண்டம். பறிகொடுத்த பொருளுக்கு ஈடாகப் பணம் கேட்காமல் அப்பொருளையே மீட்டுத் தருமாறு தொடுக்கும் வழக்கு ரியல் வழக்கு எனப்பட்டது. நிலம் அவ்வாறு மீட்கத் தக்கதாதலின் அப்பெயர் பெற்றது. உண்மைக்கும் அதற்கும் தொடர்பில்லை. மனை வாங்கி ஏமாந்தவர் இதனை எளிதில் ஒப்புவர்.

சென்னை மாகாணத்து எஸ்டேட்

மலாயாவுக்கு வந்த தமிழர் எஸ்டேட் என்னும் சொல்லை இங்குத்தான் முதன்முதலிற் கேட்டனர் என்று கருதுவோர் உளர். அவர்கள் புறப்பட்டு வந்த சென்னை மாகாணத்திலும் அச்சொல் சட்டச்சொல்லாக ஆட்சியில் இருந்தது. ஆங்குக் கிழக்கிந்தியக் கம்பெனி 1802ஆம் ஆண்டு ஒழுங்குமுறையால் நிலையான தீர்வை வகுத்து ஜமீன்களை உறுதி செய்தது. 1908இல் இயற்றப்பட்ட சென்னை எஸ்டேட் நிலச் சட்டம் ஜமீன் நிலங்களையே எஸ்டேட் என்றது. அந்நிலங்களை உழுத குடிகளுக்கு நிலைத்த குடியுரிமையையும் ஏற்றுக்கொண்டது. 1948இல் இயற்றப்பட்ட சட்டமோ எஸ்டேட்டுகளை ஒழித்து இரயத்துவாரி முறைக்கு மாற்றியது. தமிழில் அதனை ஜமீன் ஒழிப்பு என்றனர். ஜமீன் என்பதும் நிலத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல்லே என்பது குறிப்பிடத்தக்கது.

இங்கு நாம் ஊன்றி நோக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. சென்னையில் எஸ்டேட் ஒழிந்தபோது உழுதவன் அரசிடமிருந்து பட்டாப் பெற்றான். மலாயாவிலோ அடுத்த பத்தாண்டுகளில் எஸ்டேட் துண்டாடப்பட்டபோது பால் வெட்டியவன் வீட்டையும் வேலையையும் இழந்தான். ஒரே சொல், ஏறக்குறைய ஒரே காலம், ஒரே இனத்து மக்கள். ஆயினும் விளைவு நேர்மாறு. காரணம் யாது? சென்னையின் சட்டம் குடிகளுக்கு நிலத்தில் ஒரு நிலையை, அஃதாவது ஓர் எஸ்டேட்டை, முன்னரே ஏற்றிருந்தது. மலாயாத் தோட்டத்திலோ தொழிலாளிக்கு வேலை இருந்தது. வேலையோடு ஒட்டிய வீடு இருந்தது. நிலத்தில் நிலை இல்லை. எஸ்டேட்டில் பிறந்து எஸ்டேட்டில் வளர்ந்து எஸ்டேட்டிலேயே மாண்டவனுக்குச் சட்டத்தின் கண்ணில் எஸ்டேட் இல்லை.

துண்டாடலும் கூட்டுறவும்

இந்நாட்டு இரப்பர்ப் புள்ளிவிவரங்களில் எஸ்டேட் என்பதற்கு ஓர் அளவும் உண்டு. ஒரே உரிமையின்கீழ் 100 ஏக்கரும் அதற்கு மேலும் பரந்த நிலமே எஸ்டேட். அதனிற் குறைந்தது சிறுதோட்டம். ஆகவே ஒரு தோட்டத்தைப் பல துண்டாக்கி விற்றால், மரமும் மண்ணும் இருந்தபடியே இருக்க, எஸ்டேட் மட்டும் இல்லாமற் போகும்.

1950ஆம் ஆண்டுகளில் இதுவே நிகழ்ந்தது. ஐரோப்பிய உரிமையாளர் பலர் தோட்டங்களை விற்க முற்பட்டனர். வாங்கிய இடைத்தரகர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்று ஊதியம் கண்டனர். 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த துண்டாடலைப் பொருளியல் அறிஞர் உங்கு அப்துல் அஜீஸ் ஆராய்ந்தார். அவ்வாய்வு 1962இல் வெளிவந்தது. இத்துயரை நேர்கொண்டு துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தொழிலாளர் தம் ஊதியத்திலிருந்து சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தைக் கொண்டு தோட்டங்களை வாங்குவதே அதன் நோக்கம். அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம் நம் கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் என்பது இவ்வட்டார மாணவர் அறிந்திருக்க வேண்டிய செய்தி. சொல்லாராய்ச்சியின் மொழியிற் கூறினால், எஸ்டேட்டில் வாழ்ந்தவன் எஸ்டேட்டை உடையவனாகும் முயற்சி அது.

தோட்டம் என்னும் தமிழ்ச்சொல் இவ்வேறுபாட்டை மறைத்துவிட்டது என்பதே என் திறனாய்வு. தமிழில் தோட்டம் என்றால் வீட்டை அடுத்து அவரையும் வாழையும் விளையும் இடம் நினைவுக்கு வரும். கொங்கு நாட்டிலோ கிணற்றுப் பாசனமுள்ள உழவனின் சொந்த நிலமே தோட்டம். அச்சொல்லில் உடைமையின் ஈரமும் உழைப்பின் உவப்பும் கலந்துள்ளன. அயலான் உடைமையாய் ஆயிரக்கணக்கான ஏக்கர் பரந்து, ஒரே பயிரை வரிசை வரிசையாக நட்டு, வந்தேறிய கூலிகளால் நடைபெற்ற தொழிற்களத்துக்கு அப்பெயரை இட்டபோது கொடுமையின் முனை சற்றே மழுங்கிற்று. பிஜித் தீவில் வாடிய இந்துப் பெண்களைப் பாடிய பாரதியாரும் கரும்புத் தோட்டத்திலே என்றே தலைப்பிட்டார். ஆனால் அவர் பாட்டைக் கற்றவர் அத்தோட்டத்தைப் பூந்தோட்டமாகக் கருதுவதில்லை; பாட்டின் துயரம் சொல்லின் இனிமையை வென்றுவிடுகிறது. அகராதிக்கு அவ்வாற்றல் இல்லை. ஆகவே ஆசிரியரே அதைச் செய்தல் வேண்டும்.

இதனால் தோட்டம் என்னும் சொல்லை விலக்குமாறு நான் கூறவில்லை. நூறாண்டுக்கு மேலாக மக்கள் வாயில் வழங்கிய சொல்லை மாற்ற எவர்க்கும் உரிமையில்லை. தோட்டத் தொழிலாளி, தோட்டப்புறம், தோட்டப்பள்ளி என்னும் தொடர்களில் நம் மக்களின் வரலாறே அடங்கியுள்ளது. சொல் நிற்கட்டும்; அதன் பொருள் விளக்கப்படட்டும் என்பதே வேண்டுகோள்.

மலாய்மொழி காட்டும் நெறி

எஸ்டேட் என்பதை மலாய் மொழியார் கையாண்ட முறை நமக்கு நல்ல எடுத்துக்காட்டு. இரப்பர்த் தோட்டத்தை லாடாங் என்றனர். இறந்தார் விட்டுச் சென்ற உடைமையைப் பூசாக்கா என்றனர். வீடமைப்பு எஸ்டேட்டைத் தாமான் என்றனர். தொழிற்சாலை எஸ்டேட்டைக் காவாசான் என்னும் சொல்லால் வட்டாரம் என்றனர். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று கட்டுப்படாமல், பொருள்தோறும் பொருத்தமான சொல்லைத் தம் மொழியினின்றே எடுத்தனர்.

இதன் பயனை ஒரு சான்றால் உணரலாம். 1955ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சிறு எஸ்டேட்டுகளைப் பங்கிடுவது பற்றியது. ஆங்கிலப் பெயரை மட்டும் கேட்ட நம்மவர் அது சிறுதோட்டங்களைப் பற்றிய சட்டம் என்று எண்ணக்கூடும். உண்மையில் அது, நிலம் உட்படச் சிறு அளவிலான உடைமையை விட்டு இறந்தவரின் சொத்தை மரபுரிமையாளர்க்குப் பங்கிடும் முறையைக் கூறுவது. மலாய்ப் பெயரிற் பூசாக்கா என்றிருப்பதால் அம்மொழி அறிந்தார்க்கு ஐயமே எழாது. தந்தை இறந்தபின் மனையைப் பெயர் மாற்ற நில அலுவலகம் செல்லும் ஒருவர்க்கு இச்சொல்லறிவு ஏட்டறிவு அன்று. கைப்பொருளைக் காக்கும் அறிவு. இந்நாட்டில் 1991வரை நடைமுறையில் இருந்த எஸ்டேட் வரியும் தோட்டத்துக்குரிய வரியன்று. இறந்தார் உடைமைமீது விதித்த வரியே.

மேலும் ஒரு விந்தை. தாமான் என்னும் மலாய்ச் சொல்லுக்குத் தோட்டம், பூங்கா என்பதே பொருள். சுங்கைப்பட்டாணி வட்டாரத்தில் இரப்பர் நின்ற இடங்கள் பல இன்று தாமான்களாகிவிட்டன. முன்னே தோட்டம் என்றோம். பின்னே தாமான் என்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டும் எஸ்டேட். மரம் போயிற்று, லயம் போயிற்று, ஆலை போயிற்று; பெயர் மட்டும் வேறு வேறு மொழியில் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. தோட்டம் மறைந்தபின்னும் லாடாங் என்னும் சொல்லைப் பெயரில் தாங்கி நிற்கும் தமிழ்ப் பள்ளிகள் பலவுண்டு. அப்பெயர்ப் பலகையே ஒரு வரலாற்றுப் பாடம்.

ஆசிரியர் செய்யத்தக்கது

நாமும் பொருள்தோறும் சொல் வகுத்தல் வேண்டும். வாழ்க்கை பற்றியதாயின் நிலை; சமுதாயம் பற்றியதாயின் படி; சட்டத்தில் நிலவுரிமை; பயிர்த்தொழிலில் தோட்டம்; பழைய சென்னைச் சட்டத்தில் ஜமீன்; இறந்தார் பற்றியதாயின் விட்டுச் சென்ற உடைமை அல்லது மரபுச் சொத்து; குடியிருப்புப் பற்றியதாயின் மனைத்தொகுதி அல்லது வீடமைப்புப் பகுதி; தொழிற்சாலை பற்றியதாயின் தொழிற்பேட்டை. இவற்றுட் பெரும்பாலானவை வழக்கில் உள்ளவையே. புதிதாக ஆக்க வேண்டியது மிகச் சிறிது. இடமறிந்து ஆள வேண்டியதே மிகுதி.

சொற்பொருள் கேட்கும் வினாவை, சொல்லைத் தனியே நிறுத்திக் கேட்பதை விட்டு, தொடரில் வைத்துக் கேட்கலாம். எஸ்டேட் வருகின்ற ஐந்து தொடர்களைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஏற்ற தமிழ்ச்சொல்லை எழுதச் செய்யலாம். உயர்வகுப்பாயின், நில் என்னும் அடியினின்று எத்தனை சொற்கள் பிறந்தன என்று திரட்டச் செய்யலாம். பின்னர், தன் குடும்பத்தார் வாழ்ந்த தோட்டத்தின் பெயர் யாது, அது எவரிடமிருந்து எவருக்கு மாறிற்று, இன்று அவ்விடத்தில் என்ன உளது என்று பெரியோரைக் கேட்டு எழுதி வருமாறு பணிக்கலாம். இலக்கணமும் வரலாறும் ஒரே பாடத்தில் அமையும்.

அப்பாடத்தின் முடிவில் மாணவன் ஒன்றை உணர்வான். நிலம் வேறு, நிலை வேறு. நிலத்தின்மேல் நிற்பவர்க்கெல்லாம் அந்நிலத்தில் நிலை உண்டு என்பதற்கில்லை. நம் முன்னோர் முதலாவதைப் பெற்று இரண்டாவதைப் பெறாமல் மூன்று தலைமுறை வாழ்ந்தனர். நிலையைத் தருவது உரிமை. உரிமையைக் கேட்பதற்கு முன் அதன் பெயரை அறிந்திருக்க வேண்டும்.